அறுபத்து மூன்று கவர் கோரை

1997ஆம் வருடம் ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி ஆறு பத்து. இரவெல்லாம் பெய்த மழை நின்றுவிட்டது. மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் மட்டும் அதை நம்பாமல் சொட்டிக்கொண்டிருந்தது. வாசல் சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரில் இருபத்தொரு டிகிரி. வானத்தில் முக்கால் பங்கு மேகம். காதை மறைத்து மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, கையில் காபியுடன் மதிலோரப் பாத்திக்குப் போனேன். கனகாம்பரச் செடிகளுக்கு நடுவே நான் நடாத ஏதோ ஒன்று, பச்சையாக, ஈட்டி மாதிரி நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் இன்னொன்று. எண்ணினேன். பதினான்கு.

எண்ணுவது என் பழக்கம். மாநில அரசின் புள்ளிவிவர இலாகாவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ராகி விளைந்த ஏக்கரை எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன். கிணற்றை எண்ணச் சொன்னார்கள், எருமையை எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியவர்களில் ஒருவராவது இனி எண்ண வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெங்களூர் விஜயநகரில் எங்கள் வீடு முப்பதுக்கு நாற்பது மனையில் இருக்கிறது. ஆயிரத்து இருநூறு சதுர அடி. மதிலோரப் பாத்தி பன்னிரண்டுக்கு ஐந்து, அதாவது அறுபது சதுர அடி. மொத்தத்தில் சரியாக இருபதில் ஒரு பங்கு. மற்றப் பத்தொன்பது பங்கில் என் மனைவியின் ஆட்சி. டம்ளரை எந்தப் பக்கம் கவிழ்ப்பது, திரைச்சீலையை எத்தனை மணிக்கு இழுப்பது என்பதிலெல்லாம் என் கருத்தை அவள் கேட்டதில்லை. கேட்காமல் சொன்னால், வெளியே பாத்தியில் ஏதாவது வேலை இருக்கும் பாருங்கள் என்பாள். அந்த ஒரு பங்கில் மட்டும் என் சொல் செல்லும். உண்மையைச் சொன்னால், அங்கே கனகாம்பரம் வைக்கச் சொன்னதும் அவள்தான். எத்தனை செடி என்று முடிவு செய்தது நான். பதினெட்டு.

அந்தப் பதினான்கு முளைகளையும் பிடுங்கி எறிந்துவிட்டுச் சிற்றுண்டிக்கு உட்கார்ந்தபோது, என் மகன் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்பா, அந்தப் பாத்தி எத்தனை அடி?"

அவன் என்னிடம் ஒரு அளவு கேட்டு வருடக்கணக்காகிறது. சந்தோஷமாகச் சொன்னேன். "பன்னண்டுக்கு அஞ்சு. ஏன்டா?"

"அதை எடுத்துட்டு சிமெண்ட் போட்டா கார் கரெக்டா நிக்கும். நான் டேப் வச்சுப் பாத்துட்டேன்."

"பாத்தாச்சுன்னா என்னை எதுக்குடா கேக்கற?"

"உங்களைக் கேக்காம செஞ்சேன்னு நாளைக்கு வரக்கூடாதில்ல."

அவன் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்தான். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து, போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆடிக் குலுங்கி வருவான். கடன் போட்டு ஒரு சிறிய காருக்குப் பதிவு செய்திருந்தான். ஆயுத பூஜைக்குள் வந்துவிடும். அதைத் தெருவில் நிறுத்தினால் கண்ணாடி மிஞ்சாது. அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குக் கவலை.

"பூ பூக்கற எடத்துல சிமெண்டா?" என்றாள் என் மனைவி, அடுப்பைத் திரும்பிப் பார்த்தபடி. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"என்ன பூம்மா? போய்ப் பாரு, புல்லுதான் இருக்கு."

அவள் கரண்டியோடு வெளியே போனாள். என் கண்ணுக்குத் தப்பிய மூன்று முளைகள் மதிலடியில் இருந்திருக்கின்றன. திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னாள்.

"அது கோரை. வரலட்சுமி நோன்பு வரைக்கும் டைம் தர்றேன். அன்னைக்குக் கலசத்துக்கு நம்ம வீட்டுப் பூ வேணும் எனக்கு. பூ இருந்தா பூ. கோரை இருந்தா கார். ஆய்த்து."

எங்கள் வீட்டில் பேச்செல்லாம் தமிழில்தான் நடக்கும். ஆனால் அவள் கன்னடத்தில் 'ஆய்த்து' என்று முடித்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்த வருடம் நோன்பு ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. காலண்டரில் எண்ணினேன். அறுபத்தெட்டு நாள். அறுபது சதுர அடிக்கு அறுபத்தெட்டு நாள் தாராளம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பாத்தியில் முப்பத்தொன்று இருந்தது. பதினேழைப் பிடுங்கினால் முப்பத்தொன்று மிஞ்சும் என்ற கழித்தலை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை.

மெயின் ரோட்டுக் கடையில் முப்பத்தெட்டு ரூபாய்க்கு ஒரு களைக்கொத்து வாங்கினேன். நான்கு விரற்கடை ஆழத்தில் விஷயம் தெரிந்தது. கறுப்பாக, சுண்டைக்காயைவிடச் சிறியதாக ஒரு கிழங்கு. அதிலிருந்து கம்பி போல ஒரு வேர். வேரின் மறுமுனையில் இன்னொரு கிழங்கு. அங்கிருந்து இன்னொரு கம்பி. யாரோ ருத்திராட்ச மாலைகளைக் கொண்டுவந்து என் பாத்திக்குள் புதைத்துவிட்டுப் போனது போல இருந்தது. மேலே இருக்கும் இலையைப் பிடுங்கினால் அறுவது அந்தக் கம்பிதான். அறுந்த ஒவ்வொரு கிழங்கும் இனித் தனக்கென்று தனிக் குடித்தனம் என்று முளைக்க ஆரம்பிக்கிறது. நான்கு நாளாக நான் செய்த வேலை பாகப் பிரிவினை.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறரை முதல் எட்டு வரை ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து தோண்டினேன். எடுத்த கிழங்கை எண்ணினேன். ஆனால் எண்ணும் மனிதனை நிம்மதியாக எண்ண விடும் வீடு உலகத்தில் கிடையாது. முப்பத்தேழில் இருப்பேன், "என்னங்க, கேஸ் வந்திருக்கு" என்று குரல் வரும். திரும்பி வந்தால் முப்பத்தேழா நாற்பத்தேழா என்று தெரியாது. அதற்காக ஒரு வழி செய்தேன். கொல்லைக் குழாய்க்குப் பின்னால் ஒரு கம்பியில், என் மனைவி காலிப் பால் கவர்களைக் கழுவி மாட்டி வைத்திருப்பாள். பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட. அதில் ஒன்றை எடுத்தேன். ஐம்பது கிழங்கு சேர்ந்ததும் கவரில் போட்டு, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றை உள்ளே வைத்து, வாயை நூலால் கட்டினேன். இனி யார் கூப்பிட்டாலும் ஐம்பதுக்குக் குறைவாகத்தான் மறக்க முடியும்.

கட்டிய கவரை எங்கே போடுவது? மதிலுக்கு அந்தப் பக்கம் காலி மனை. காலி மனை என்றால் எங்கள் தெருவில் அதற்குப் பொதுச் சொத்து என்று பொருள். மனைக்காரர் வெளிநாட்டில் இருந்தார். தேங்காய் மட்டை, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, கிழிந்த மெத்தை என்று தெருவே அவருக்குச் சீர் செய்துகொண்டிருந்தது. நான் அதுவரை ஒரு காகிதம்கூடப் போட்டதில்லை. அங்கே குப்பை போடுகிறவர்களைக் கண்டித்து மாநகராட்சிக்கு இரண்டு கடிதம் எழுதியவன். இருந்தாலும் கிழங்கு குப்பை ஆகாது, மண்ணில் வந்தது மண்ணுக்கே போகிறது என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மதிலுக்கு மேலே வீசினேன். தூரமாகத்தான் வீச நினைத்தேன். என் தோள்பட்டை வலியோடு ஆறடி போனால் அதிகம்.

ஒரு வாரம் கழித்து என் மனைவி கேட்டாள்.

"பால் கவர் கொறையுதே. காக்கா தூக்கிட்டுப் போகுதா?"

"காக்காவுக்குப் பால் கவர் எதுக்கு?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்."

நான் பேப்பரை முகத்துக்கு நேரே கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் கடைசியில் அவசரம் வந்து இரண்டு கிலோ உப்பு வாங்கி, எட்டு ரூபாய், வெந்நீரில் கரைத்து முளைகளின் மேல் ஊற்றினேன். இரண்டு கனகாம்பரம் அன்று மாலையே தலை சாய்ந்தன. கோரை இரண்டு நாள் வாடிப் பிறகு, வெந்நீர்க் குளியல் எடுத்தவனைப் போலத் தெளிவாக நிமிர்ந்தது. இறந்த இரண்டுக்குப் பதிலாக நான்கு நான்கு ரூபாய்க்கு இரண்டு நாற்று வாங்கிவந்து, என் மனைவி மத்தியானம் படுத்திருந்த நேரமாகப் பார்த்து நட்டேன். ஜூலையில், வெளிச்சம் படாமல் செய்தால் செத்துவிடும் என்று எங்கோ படித்ததை நம்பிச் செய்தித்தாளை மூன்று மடிப்பாக விரித்துக் கல் வைத்தேன். ஆங்கிலப் பத்திரிகைதான் தாள் கெட்டி என்று அதையே விரித்தேன். ஆறாம் நாள் கோரை பங்குச் சந்தைப் பக்கத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"அந்தப் பக்கத்துல இந்த வாரம் மேல போன ஒரே சங்கதி இதுதாம்பா" என்றான் என் மகன்.

அவன் கெட்டவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தி, ஒன்றிரண்டு கிழங்கு எடுத்துக் கொடுப்பான். ஆனால் அவன் கண் கிழங்கில் இருக்காது. கேட்டுக்கும் மதிலுக்கும் இடையே இருக்கும் தூரத்தில் இருக்கும்.

ஜூலை பதினேழாம் தேதி வரை நாற்பது நாள். அறுபத்து மூன்று கவர். மூவாயிரத்து நூற்று ஐம்பது கிழங்கு. அன்று காலை பாத்தியில் நின்றுகொண்டிருந்த கோரை நூற்று இரண்டு. சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம் இரண்டும் அந்த வாரம் ஏறியிருந்ததாக டாக்டர் சொன்னார். எவ்வளவு தோட்ட வேலை செய்கிறீர்கள் என்று பாராட்டவும் செய்தார்.

அந்த வாரத்தில்தான் காலி மனைக்காரருக்கு வீடு கட்டும் யோசனை வந்தது. ஒரு மேஸ்திரி ஆட்களோடு வந்து பெரிய குப்பையை மட்டும் வாரி, மற்றதை மண்ணோடு மண்ணாக நிரவி, அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடித்தார். கன்னடக்காரர், என்னிடம் தமிழில் பேசினார். நான் முக்காலியில் உட்கார்ந்து தோண்டுவதை மதிலுக்கு மேலே இரண்டு நாள் வேடிக்கை பார்த்தவர், மூன்றாம் நாள் கேட்டார்.

"ஏன் சார் இப்படி ஒண்ணொண்ணா பொறுக்கறீங்க? ஒண்ணரை அடி மண்ணையே எடுத்துக் கடாசிட்டு, புது மண்ணு போடுங்க. நம்மகிட்டயே மண்ணு இருக்கே. வெளிய லோடு முந்நூறு ரூபா. உங்களுக்கு ஆள் கூலியோட நூத்தம்பது. உங்க பழைய மண்ணை நம்ம அஸ்திவாரக் குழியில தள்ளிடலாம்."

எனக்கு முதுகில் யாரோ தடவிக் கொடுத்தது போல இருந்தது. முப்பத்து நான்கு வருடம் எண்ணியவனுக்கு இது தோன்றாமல் போயிற்றே. மறுநாள் மாலையே தெருமுனையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்களிடம் டின் ஒன்று ஐந்து ரூபாய் என்று பதினெட்டு காலி டின் வாங்கி, பதினெட்டு கனகாம்பரத்தையும் வேரை உதறிக் கழுவி அவற்றில் மாற்றி, வாசல் படிகளில் வரிசையாக வைத்தேன்.

ஜூலை இருபது, ஞாயிற்றுக்கிழமை. மண் சுமக்க மேஸ்திரி ஒரு பெண்ணை அனுப்பினார். தருமபுரிப் பக்கத்துக்காரி, நாற்பது வயது இருக்கும், தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றியிருந்தாள். பழைய மண்ணை அள்ளிக் கொட்டி முடித்ததும் என்னிடம் வந்தாள்.

"ஐயா, அடி மண்ணா வாங்கிக்கோங்க. மேமண்ணு வாணாம்."

"இல்லம்மா. மேல் மண்ணுலதான் சத்து. நான் புஸ்தகத்துல படிச்சிருக்கேன்."

"சத்து இருக்கற எடத்துலதான் ஐயா சனியனும் இருக்கும்."

நான் சிரித்தேன். மேல் மண்ணே வேண்டும் என்று மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல்லி, அதற்கென்று நாற்பது ரூபாய் கூடவும் கொடுத்தேன். மேல் மண்ணை எங்கே வெட்டுவது? கிட்டே இருக்கிற இடத்தில். மதிலிலிருந்து ஆறடிக்குள்.

பன்னிரண்டு பெருக்கல் ஐந்து பெருக்கல் ஒன்றரை, தொண்ணூறு கன அடி. அவளுடைய இரும்புச் சட்டி கால் கன அடி பிடித்தது. ஆக முந்நூற்று அறுபது சட்டி. நான் பாத்தியின் தலைமாட்டில் நாற்காலி போட்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு சட்டியும் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். கண் திறந்திருந்தால் கவனம் சிதறும்.

"ஐயா, கவரு கவரா வருதே. எடுத்துப் போட்டுரவா?"

"நூத்தி நாப்பத்தொண்ணு. பேசாம கொட்டும்மா, கணக்கு போயிடும்."

அவள் பேசாமல் கொட்டினாள். முந்நூற்று ஐம்பத்தெட்டில் மேஸ்திரி, "ஆய்த்து சார்" என்றார். "இன்னும் ரெண்டு" என்றேன். அந்த இரண்டையும் வாங்கினேன். எவ்வளவு சரியாக ஏமாந்தேன் என்பதற்கு அந்த இரண்டு சட்டி சாட்சி. போகும்போது அந்தப் பெண்ணுக்குத் தனியாக இருபது ரூபாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பாத்தியை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருக்கச் சொன்னவனே நான்தானே.

புது மண் பத்து நாள் படியட்டும், பிறகு செடிகளை இறக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் காலை, தெர்மாமீட்டரில் இருபது டிகிரி, தூறல், பாத்தி முழுக்கப் பச்சை ஈட்டிகள். எண்ணிப் பார்த்தேன். நூற்று எழுபத்தாறு. மறுநாள் இருநூறு தாண்டியது. மதிலோரம் ஒரு இடத்தில் கோரை கொத்துக் கொத்தாக, யாரோ நாற்றங்கால் போட்டது போல முளைத்திருந்தது. இந்த ஊர் மண்ணே இப்படித்தான் போலிருக்கிறது என்று நான் மாநிலத்தைக் குறை சொன்னேன்.

ஆகஸ்ட் மூன்று, ஞாயிற்றுக்கிழமை. நோன்புக்குப் பன்னிரண்டு நாள். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் என் மனைவியே களைக்கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் மகன் கேட்டில் சாய்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் படியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன். மூன்றாவது கொத்திலேயே அவள் நிறுத்தினாள்.

"என்னங்க."

"என்ன?"

"மண்ணுக்குள்ள பால் கவர் இருக்கு."

அவள் கவரைத் தூக்கிப் பிடித்தாள். நூல் அப்படியே இருந்தது. நூலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு எல்லாப் பக்கமும் கோரை முளைத்து, கவர் முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. அவள் நூலை அவிழ்த்து, உள்ளே இருந்த சீட்டை எடுத்து, கையை நீட்டித் தூரமாக வைத்துப் படித்தாள்.

"இருபத்தாறு ஆறு. ஐம்பது." சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இது உங்க கையெழுத்து."

என் மகன் வாயில் நுரையோடு ஓடி வந்தான். கவரை வாங்கி, நடையில் கொட்டி, எண்ணினான். என் மகன்தான், சந்தேகமில்லை. "ஐம்பது கரெக்டா இருக்குப்பா" என்றான். "ஐம்பதும் மொளைச்சிருக்கு."

அப்புறம் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். களைக்கொத்தைக் கீழே போட்டு, மண் கையால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் சேறாகி, மதிலில் சாய்ந்து சிரித்தாள். மதிலுக்கு மேலே அந்தத் தருமபுரிப் பெண்ணின் தலை தெரிந்தது. என்ன என்று கேட்டாள். என் மனைவி கவரைக் காட்டினாள்.

"நான் அன்னைக்கே கேட்டேனே ஐயாவ" என்றாள் அவள். "இதுல நெறையா வந்துச்சு. எண்ணிக்கிட்டு இருந்தாரு."

"மொத்தம் எத்தனை கவர் வீசினீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"அறுபத்து மூணு."

"அறுபத்து மூவர் உற்சவமே நடத்தியிருக்கீங்க. நான் பாவம், காக்காவைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

அன்று மாலை வரை தோண்டியதில் இருபத்தொன்பது கவர் முழுசாகக் கிடைத்தது. மற்றவை கிழிந்து கலந்துவிட்டன. கிடைத்ததையெல்லாம் அவள் கழுவிக் கம்பியில் மாட்டினாள்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி இன்னொன்று நடந்தது. நல்ல வெயில். வாசலில் முறத்தில் எதையோ காய வைத்திருந்தாள். அதைத் தாண்டிப் போனவன் திரும்பி வந்து குனிந்து பார்த்தேன். கறுப்பாக, உலர்ந்து, அதே கிழங்கு.

"இதை எங்கேயிருந்து பிடுங்கினே?"

"பிடுங்கலை. நோன்புச் சாமானோட நீங்கதான் வாங்கிட்டு வந்தீங்க. லிஸ்ட்ல ஏழாவது. குளியல் பொடிக்கு."

உண்மை. போன வாரம் பூஜைச் சாமானும் நாட்டு மருந்தும் விற்கும் கடைக்குப் பட்டியலோடு போனேன். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு என்று நானே உரக்கப் படித்திருக்கிறேன். கடைக்காரர் பதினொரு பொட்டலம் கொடுத்தார். பதினொன்று சரியாக இருக்கிறதா என்று எண்ணினேன். உள்ளே என்ன என்று பார்க்கவில்லை.

"கால் கிலோ எவ்வளவு?" என்றேன், தெரிந்துகொண்டே.

"பதினாலு ரூபா. வருஷா வருஷம் வாங்கறதுதான். வாசனைக்கு."

முறத்திலிருந்ததை எண்ணினேன். நூற்றுத் தொண்ணூற்றாறு. ஒன்று ஏழு பைசா. அப்படியானால் நான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மதிலுக்கு மேலே வீசியது இருநூற்று இருபது ரூபாய் ஐம்பது பைசா. அந்தக் கணக்கை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளே போட்டிருப்பாள். அன்று எனக்குச் சாம்பாரில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு கூடுதலாக விழுந்தது.

ஆகஸ்ட் பதினைந்து. தெருமுனையில் கொடியேற்றுகிறார்கள், ஒலிபெருக்கி இரைகிறது. வானம் முழுக்க மேகம், மழை இல்லை. காலை ஐந்தரைக்கே பாத்திக்குப் போய் எண்ணினேன். பொய்க் கணக்கு நான் எந்த ராகி வயலுக்கும் எழுதியதில்லை, இதற்கு மட்டும் எழுதுவானேன்.

"முந்நூத்திப் பன்னண்டு" என்றேன், சமையலறை வாசலில் நின்று. "கோரை."

அவள் தலைக்குக் குளித்து, ஈரத் துண்டோடு வெளியே வந்தாள். பாத்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. படியில் வரிசையாக இருந்த பெயிண்ட் டின்களுக்கு முன் குனிந்தாள். பத்து நாளில் பாத்திக்குப் போகும் என்று நான் தற்காலிகமாக வைத்த கனகாம்பரம், நாலு வாரமாக அங்கேயே நின்று, எனக்குத் தெரியாமல் பூத்திருந்தது. நான்தான் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேனே. ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கூடையில் போட்டாள். அதையும் எண்ணினேன். நாற்பத்தொன்று. கட்டினால் முழம் வரவில்லை. கலசத்தின் கழுத்துக்குப் போதுமாக இருந்தது.

பூஜை முடிந்து, கையில் மஞ்சள் சரடோடு வந்து உட்கார்ந்தாள். நானும் என் மகனும் எதிரே உட்கார்ந்திருந்தோம், தேர்வு முடிவு கேட்க வந்தவர்கள் மாதிரி.

"பூ இருந்தா பூ, கோரை இருந்தா கார்னு சொன்னேன். ரெண்டும் இருக்கு."

"பூ நம்ம வீட்டுப் பூதானே" என்றேன்.

"பாத்தில பூக்கலியேப்பா" என்றான் அவன்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. பூ டின்னுல இருக்கு, கோரை பாத்தில இருக்கு. டின்னு மொட்டை மாடிக்குப் போகட்டும். பாத்திக்குக் கார் வரட்டும்." என்னைப் பார்த்தாள். "மாடியில துணிக் கொடிக்கு அந்தப் பக்கம் உங்களுது. இந்தப் பக்கம் என் வடாம். கொடியைத் தாண்டி ஒரு டின் வந்துது, பாத்துக்குங்க. ஆய்த்து."

மத்தியானம் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கொடிக்கு அந்தப் பக்கம் பதினைந்துக்குப் பன்னிரண்டு. நூற்று எண்பது சதுர அடி. இழந்ததைப் போல மூன்று மடங்கு. சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இறங்கி வந்தேன்.

ஆனாலும் செப்டம்பரில் அதே மேஸ்திரி வந்து பாத்தியைச் சமன் செய்தபோது நான் வீட்டுக்குள் இருக்க முடியாமல் வெளியே வந்து நின்றேன். மூன்று வருடம் காலையில் எழுந்ததும் போய் நிற்பதற்கு எனக்கு இருந்த இடம் அது. சிமெண்ட், மணல், ஜல்லி, கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூற்று முப்பது ரூபாய். மகன் தருவதாகச் சொன்னான். என் பாத்தியை நானே மூடுகிறேன் என்று நான் கொடுத்தேன். கலவையைச் சுமந்து கொட்டியது அந்தத் தருமபுரிப் பெண். இந்தத் தடவை நான் சட்டியை எண்ணவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

"மனசு கஷ்டமா ஐயா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"கோர இதுக்கெல்லாம் பயப்படாது, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். யாருக்கு ஆறுதலாக அதைச் சொன்னாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஆயுத பூஜைக்குக் கார் வந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. மேலே என் டின்களில் கனகாம்பரம் வாரத்துக்கு ஒரு முழம் கொடுத்தது.

நவம்பர் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை. பதினெட்டு டிகிரி, லேசான பனி. கீழேயிருந்து என் மகன் கத்தினான்.

"அப்பா! சீக்கிரம் கீழ வாங்க!"

பின்பக்க இடது சக்கரத்துக்கு அருகே அவன் குந்தியிருந்தான். சிமெண்டில் தலைமுடி அளவு ஒரு விரிசல். விரிசலின் நடுவே, விரல் நீளத்துக்கு, பச்சையாக, ஈட்டி மாதிரி ஒன்று நிமிர்ந்து நின்றது. அவன் இரண்டு விரலால் அதைப் பிடித்தான்.

"பிடுங்காதே" என்றேன். "பிடுங்கினா ரெண்டாகும்."

"அப்ப என்னப்பா பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது. எண்ணலாம்."

அவன் எழுந்து காரைத் தெருவுக்கு எடுத்தான். இருவரும் குனிந்து மதிலோரத்திலிருந்து ஆரம்பித்தோம், அவன் அந்த முனை, நான் இந்த முனை. அவனுக்கு நான்கு, எனக்கு ஐந்து. ஜன்னலில் என் மனைவி காபியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை என்று அவள் கேட்டதற்கு, அவனும் நானும் ஒரே நேரத்தில் ஒன்பது என்றோம்.

அன்று மாடியில் என் டின்களுக்கு நடுவே உட்கார்ந்து, களைக்கொத்து முதல் சிமெண்ட் வரை, உப்பு, நாற்று, டின், மண், அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த இருபது, குளியல் பொடிக்கு நானே விலை கொடுத்து வாங்கிய கால் கிலோ கோரைக்கிழங்கு உட்பட ஒன்று விடாமல் கூட்டிப் பார்த்தேன். அந்தக் கோரையை ஒழிக்க எனக்கு ஆன செலவு ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய்.